மின்னஞ்சல் குழுமத்தில் புதிதாகச் சேர்கிறீர்களா? முதலில் அமைப்புகள், பிறகு பதில்கள்

பெங்களூருக்கு வேலைக்காக வந்து, விடுமுறை நாள் காலைகளில் லால்பாக்கில் மரம் பார்க்கவும் ஹெப்பாள் ஏரிக்கரையில் பறவை பார்க்கவும் தொடங்கும் தமிழர்கள் பலர், சில மாதங்களிலேயே ஏதாவதொரு மின்னஞ்சல் குழுமத்தைத் தேடி வருகிறார்கள். ஒரு பொது முகவரிக்கு அனுப்பும் மடல் உறுப்பினர்கள் எல்லோருக்கும் போய்ச் சேரும் ஏற்பாடுதான் மின்னஞ்சல் குழுமம். வானியல், அஞ்சல்தலை, நாணயம், மாடித்தோட்டம் என்று எந்த ஆர்வமாக இருந்தாலும் அதற்கு ஒரு வாட்ஸப் குழு நிச்சயமாக இருக்கும். ஆனால் வாட்ஸப்பில் போட்ட படமும் அதற்குக் கிடைத்த விளக்கமும் இரண்டே நாளில் நூறு செய்திகளுக்கு அடியில் போய்விடும். மின்னஞ்சல் குழுமத்திலோ, பல ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கேட்ட கேள்வியும் அதற்கு வந்த பதிலும் தேடினால் இன்றும் கிடைக்கும். இதனால்தான் விவரமறிந்த மூத்தவர்கள் பலர் இன்னும் அங்கேயே எழுதுகிறார்கள்.

சேர்வது எளிது. சேர்ந்த பிறகு நம் மடல் யாருக்குப் போகிறது, எத்தனை மடல் நமக்கு வருகிறது, எழுதியது யார் கண்ணில் படுகிறது என்பதையெல்லாம் முடிவு செய்யும் அமைப்புகள்தாம் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. சில குழுமத்தின் பக்கத்தில் இருக்கின்றன, சில நம் ஜிமெயிலுக்குள் இருக்கின்றன, சில குழுமத்தை நடத்துபவரின் கையில் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டும் சோதித்தும்தான் நான் அறிந்துகொள்ள முடிந்தது. அடுத்து வருபவருக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்று, செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பறவைகளையும் மரங்களையும் பற்றியவை. முறை எல்லாக் குழுமங்களுக்கும் பொதுவானது.

1. சேர்வதற்கு முன் தயாராக வைத்திருக்க வேண்டியவை

முதலில் எந்த முகவரியில் சேர்வது என்று முடிவு செய்யுங்கள். அலுவலக முகவரியில் சேரவே சேராதீர்கள். இந்த ஊரில் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை வேலை மாறுவது சாதாரணம். மாறிய நாளில் பழைய முகவரி மூடப்படும், குழுமம் அனுப்பும் மடல்கள் திரும்பி வரும், சேர்த்து வைத்த பழைய மடல்களும் போய்விடும். அதைவிடப் பெரிய தொல்லை, நீங்கள் விடுப்பில் போகும்போது அலுவலக மின்னஞ்சல் தானாக அனுப்பும் பதில். குழுமத்தில் எழுதும் ஒவ்வொருவருக்கும், சில நேரங்களில் குழுமம் முழுவதற்கும், ‘நான் விடுப்பில் இருக்கிறேன்’ என்ற மடல் போய்க்கொண்டே இருக்கும். அலுவலக மடல்களின் அடியில் தானாகச் சேரும் நீண்ட இரகசியக் காப்பு அறிவிப்பு வேறு ஒவ்வொரு பதிலிலும் தொங்கும்.

இதற்கெனத் தனியாக ஒரு ஜிமெயில் கணக்குத் தொடங்குவது நல்லது. கணக்கைச் சரிபார்க்கக் கைப்பேசி எண் கேட்கக்கூடும். அடையாள ஆவணம் எதுவும் தேவையில்லை, கட்டணமும் இல்லை. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடம் மின்னஞ்சல், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் என்பதை நினைவில் வையுங்கள். கைப்பேசியின் படங்கள் எல்லாம் ஏற்கெனவே சேமிக்கப்படும் பழைய கணக்கில் சேர்ந்தால், இடம் நிறைந்தவுடன் மடல் வருவது நின்றுபோகும். கூடுதல் இடத்திற்கு மாதாமாதம் பணம் கட்டுவதைவிட, இரண்டாவது கணக்குத் தொடங்குவதே சிக்கனம்.

கணக்கில் உங்கள் உண்மைப் பெயர் தெரியும்படி வையுங்கள். பெங்களூர்க் குழுமங்களில் கன்னடர், மலையாளிகள், வடநாட்டவர் எல்லோரும் இருப்பதால், பெயரைத் தமிழில் மட்டும் வைத்தால் பலரால் படிக்க முடியாது. ஆங்கில எழுத்திலும் சேர்த்து வைப்பது மரியாதை. ‘கூல் பாய்’ வகைப் பட்டப்பெயர்களைப் பல மட்டுறுத்துநர்கள் (யாரைச் சேர்ப்பது, எந்த மடலை வெளியிடுவது என்று பார்த்து முடிவு செய்பவர்கள்) அனுமதிப்பதில்லை. போலிக் கணக்கு என்று நினைத்து விண்ணப்பத்தை ஒதுக்கிவிடுகிறார்கள்.

2. விண்ணப்பமும் காத்திருப்பும்

கூகுளின் குழுமச் சேவையான கூகுள் குரூப்ஸில் உள்ள குழுமமானால் இரண்டு வழிகள் உண்டு. குழுமத்தின் பக்கத்திற்குப் போய்ச் சேர்வதற்கான பொத்தானை அழுத்தலாம். அல்லது குழுமத்தின் முகவரியில் பெயருக்கும் அட் குறிக்கும் நடுவே கூட்டல் குறியும் ‘சப்ஸ்கிரைப்’ என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்த்து, அந்த முகவரிக்கு வெற்று மடல் அனுப்பலாம். அதைப் போன்ற இன்னொரு சேவையான குரூப்ஸ்.ஐஓவில் உள்ள குழுமங்களுக்கும் இதே கூட்டல் குறி முறைதான். ஜிமெயில் அல்லாத முகவரியிலும் மடல் வழியாகச் சேர முடியும். ஆனால் கூகுள் குரூப்ஸின் பக்கத்தில் நுழைந்து அமைப்புகளை மாற்றுவதற்குக் கூகுள் கணக்கு வேண்டும் என்பதால் பின்னால் சிரமப்படுவீர்கள்.

மடல் வழியாகச் சேர்ந்தால் உறுதிப்படுத்தும் மடல் ஒன்று வரும். அதற்குப் பதில் அனுப்பினாலோ அதிலுள்ள இணைப்பை அழுத்தினாலோதான் விண்ணப்பம் முழுமையாகும். வரவில்லையென்றால் ஸ்பாம் பெட்டியைப் பாருங்கள்.

மட்டுறுத்துநர் பார்த்துச் சேர்க்கும் குழுமங்களில், ‘ஏன் சேர விரும்புகிறீர்கள்’ என்ற பெட்டி இருக்கும். அதை வெறுமையாக விடுவதே விண்ணப்பங்கள் கிடப்பில் போவதற்கு முக்கியக் காரணம். எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள், எதில் ஆர்வம், குழுமத்தைப் பற்றி எப்படி அறிந்தீர்கள் என்று மூன்று வரி எழுதினால் போதும். வீட்டு முகவரியோ கைப்பேசி எண்ணோ எழுத வேண்டாம். அனுமதி வர ஒரு நாளும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். மட்டுறுத்துநர்கள் சம்பளம் வாங்காமல், தங்கள் வேலைக்கு நடுவில் இதைச் செய்கிறார்கள். ஒரு வாரம் கழித்தும் ஒன்றும் வரவில்லையென்றால், குழுமத்தின் உரிமையாளருக்கென உள்ள முகவரிக்குப் பணிவாக ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள்.

புதியவர் எழுதும் முதல் சில மடல்கள் மட்டுறுத்துநர் பார்த்த பிறகே வெளியாவது பல குழுமங்களில் வழக்கம். அனுப்பிய மடல் உடனே தெரியவில்லை என்று அதையே மறுபடி அனுப்பாதீர்கள். அனுமதி கிடைக்கும்போது எல்லாம் ஒன்றாக வெளியாகும்.

3. மடல் எப்படி வர வேண்டும் என்று நீங்களே தீர்மானியுங்கள்

சேர்ந்த அன்றே செய்ய வேண்டிய முதல் வேலை இது. கூகுள் குரூப்ஸில் உங்கள் உறுப்பினர் அமைப்புக்குள் நான்கு தெரிவுகள் இருக்கும். ஒவ்வொரு மடலும் தனித்தனியாக வருவது ஒன்று. 25 மடல்கள் வரை ஒன்றாகக் கட்டி, முழுமையாக வரும் டைஜஸ்ட் இன்னொன்று. அன்றாட நடவடிக்கையின் சுருக்கம் மட்டும் வருவது மூன்றாவது. மடலே வராமல், வேண்டும்போது நீங்களே பக்கத்தில் போய்ப் படிப்பது நான்காவது. குரூப்ஸ்.ஐஓவில் இவற்றோடு, முக்கிய அறிவிப்பு மட்டும் வந்தால் போதும் என்ற தெரிவும் உண்டு.

வலசைப் பறவைகள் வரும் அக்டோபர் முதல் மார்ச் வரை பறவைக் குழுமங்களில் மடல்கள் குவியும். பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பும், பிப்ரவரியில் உலகம் முழுவதும் நடக்கும் கணக்கெடுப்பும் நெருங்கும்போது இன்னும் கூடும். அந்தச் சமயத்தில் தனித்தனி மடலாகச் சேர்பவர்கள் திணறிப்போய் விலகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். என் யோசனை: முதலில் சில வாரங்கள் டைஜஸ்டில் வைத்துப் படியுங்கள். யார் எப்படி எழுதுகிறார்கள், எதைக் கேட்கிறார்கள், எது வரவேற்கப்படுவதில்லை என்பதெல்லாம் அதிலேயே பிடிபடும். நீங்கள் எழுதத் தொடங்கும் நாளில் தனி மடலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மாற்றுவது அவசியம். டைஜஸ்டுக்கு ‘ரிப்ளை’ கொடுத்தால், உங்கள் பதிலின் தலைப்பாக எந்த இழையின் (ஒரு மடலும் அதற்கு வந்த பதில்களும் சேர்ந்த தொடரின்) பெயரும் இராது. ‘இத்தனை தலைப்புகளில் இத்தனை மடல்கள்’ என்ற பொதுவான வரிதான் இருக்கும். அதன் அடியில் அன்றைய மடல்கள் அத்தனையும் ஒட்டிக்கொண்டு போகும். நீங்கள் எதற்குப் பதில் சொல்கிறீர்கள் என்று ஒருவருக்கும் விளங்காது. டைஜஸ்டில் இருந்துகொண்டே பதில் எழுத வேண்டுமென்றால், குழுமத்தின் பக்கத்தில் அந்த இழையைத் திறந்து அங்கேயே எழுதுங்கள்.

தனி மடலாகப் பெறுபவர்கள் ஜிமெயிலில் ஒரு ஃபில்டர் (மடல்களைத் தானாகப் பிரித்து வைக்கும் விதி) அமைத்துவிடுங்கள். குழுமத்திலிருந்து வந்த ஏதாவது ஒரு மடலைக் கணினியில் திறந்து, அனுப்பியவர் பெயருக்குக் கீழே உள்ள சிறிய அம்புக்குறியை அழுத்தினால், மடலின் விவரங்களோடு அந்தக் குழும மடல்களை வடிகட்டுவதற்கான இணைப்பும் தெரியும். அதன் வழியாகப் போய், தனி லேபிள் கொடுத்து, ‘ஸ்பாமுக்கு அனுப்பாதே’ என்ற தெரிவையும் குறித்துவிடுங்கள்.

ஜிமெயிலுக்கென்றே உள்ள ஒரு பழக்கத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். குழுமத்திற்கு நீங்கள் அனுப்பும் மடலின் பிரதி, மற்ற எல்லோருக்கும் வருவதுபோல உங்கள் இன்பாக்ஸில் தனியாக வந்து விழாது. மடல் போகவில்லை என்று எண்ண வேண்டாம். குழுமத்தின் பக்கத்தில் பார்த்தால் அது வெளியாகியிருப்பது தெரியும்.

4. ‘ரிப்ளை’ அழுத்தினால் யாருக்குப் போகும்?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறதென்றால் இதைப் படியுங்கள்.

சாதாரண மின்னஞ்சலில் ‘ரிப்ளை’ என்றால் எழுதியவருக்கு மட்டும், ‘ரிப்ளை ஆல்’ என்றால் எல்லோருக்கும். குழுமத்தில் இந்த உறுதி கிடையாது. குழுமத்தை நடத்துபவர், பதில்கள் எங்கே போக வேண்டும் என்று முன்கூட்டியே ஓர் அமைப்பைத் தேர்ந்தெடுத்திருப்பார். குழுமம் முழுவதற்கும் போகும்படி வைக்கலாம், மடல் எழுதியவருக்கு மட்டும் போகும்படி வைக்கலாம், மட்டுறுத்துநருக்குப் போகும்படியும் வைக்கலாம். இது ஒவ்வொரு மடலின் தலைப்பகுதியிலும் ‘ரிப்ளை-டூ’ என்ற வரியாகப் பதிந்து வரும். உங்கள் மின்னஞ்சல் செயலி அந்த வரிக்குக் கீழ்ப்படிந்து முகவரியை நிரப்புகிறது. நீங்கள் மூன்று குழுமங்களில் இருந்தால் அதே பொத்தான் மூன்று விதமாக நடந்துகொள்ளலாம்.

எது சரி என்பதில் குழுமம் நடத்துபவர்களிடையே நெடுங்காலமாகவே கருத்து வேறுபாடு உண்டு. குழுமம் நடத்தப் பலர் பயன்படுத்தும் மெயில்மேன் மென்பொருள், எழுதியவருக்கே பதில் போகும்படி வைக்கச் சொல்லி நடத்துபவர்களுக்கு வலுவாகப் பரிந்துரைக்கிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. எழுதியவருக்கென்று நினைத்து எழுதிய அந்தரங்க மடல் தவறிப்போய் ஆயிரம் பேருக்குப் போனால் திரும்பப் பெற முடியாது. குழுமத்திற்கென்று எழுதியது தவறிப்போய் ஒருவருக்கு மட்டும் போனால் மறுபடி அனுப்பிக்கொள்ளலாம். முதலாவதன் சேதம் பெரியது. இருந்தாலும், ஒரு பறவையையோ செடியையோ இனங்காண உதவும் குழுமங்களில் பதில் எல்லோருக்கும் போவதே பயன் என்று நான் கருதுகிறேன். ஒருவர் கேட்ட கேள்விக்குத் தனி மடலில் பதில் போய்விட்டால், அதே கேள்வியை அடுத்த மாதம் இன்னொருவர் கேட்பார்; பதில் தவறாக இருந்தால் திருத்துவதற்கும் ஆள் இராது.

எந்த அமைப்பு இருந்தாலும் அதைத் தெரிந்துகொள்ளும் வழி ஒன்றுதான். சேர்ந்தவுடன் குழுமத்தில் வந்த ஒரு மடலைத் திறந்து, ‘ரிப்ளை’ அழுத்தி, பெறுநர் இடத்தில் யாருடைய முகவரி வருகிறது என்று பாருங்கள். பிறகு ‘ரிப்ளை ஆல்’ அழுத்தி அதையும் பாருங்கள். இரண்டையும் அனுப்பாமல் அழித்துவிடுங்கள். கைப்பேசியில் பெறுநர் முகவரி முழுதாகத் தெரியாமல் பெயர் மட்டும் தெரியும் என்பதால், இந்தச் சோதனையைக் கணினியில் செய்வது நல்லது. செய்த பிறகும், ஒவ்வொரு பதிலையும் அனுப்பும் முன் பெறுநர் இடத்தை ஒரு முறை பார்க்கும் பழக்கம் வேண்டும். அமைப்பை நடத்துபவர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. சில குழும மடல்களில் அனுப்பியவர் இடத்தில் எழுதியவரின் பெயரும், அதை ஒட்டி ‘வயா’ என்ற சொல்லும் குழுமத்தின் பெயரும் இருக்கும். யாகூ போன்ற சில நிறுவனங்கள் தங்கள் முகவரியின் பெயரில் வேறு கணினிகளிலிருந்து வரும் மடல்களை நிராகரிக்கும்படி 2014இல் கொள்கையை மாற்றின. அதன் பிறகு, மடல்கள் தடைபடாமல் சேர்வதற்காகக் குழுமங்கள் அனுப்புநர் முகவரியையே மாற்றி எழுதத் தொடங்கின. ஆகவே பெயரைப் பார்த்து ‘இது அவருடைய சொந்த முகவரி’ என்று நம்பி விடாதீர்கள். பெயருக்குப் பின்னால் இருப்பது குழுமத்தின் முகவரியாக இருக்கலாம். ஒருவருக்கு மட்டும் எழுத வேண்டுமானால், பதில் பொத்தானையே தொடாமல் புதிய மடல் திறந்து, அவருடைய முகவரியை நீங்களே இடுவதுதான் பாதுகாப்பு.

தனி மடலில்தான் போக வேண்டியவை எவை என்பதிலும் தெளிவு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஹெசரகட்டாவுக்குப் போகும் காரில் இடம் கேட்பது, உங்கள் கைப்பேசி எண், வீட்டு முகவரி, ‘நானும் வருகிறேன்’ என்ற ஒற்றை வரி, பிறரின் எழுத்துப் பிழையைச் சுட்டுவது, வாழ்த்து, நன்றி ஆகியவை எல்லாம் தனி மடலுக்கு உரியவை. ஒரு விதிவிலக்கு: உங்கள் கேள்விக்குப் பலர் உதவி விடை கிடைத்துவிட்டதென்றால், கடைசியாக ஒரு மடலில் எல்லோருக்கும் நன்றி சொல்லி, முடிவு என்ன என்பதையும் எழுதுங்கள். பின்னாளில் தேடி வருபவருக்கு அந்த ஒரு மடலே போதும்.

பிறர் உங்களுக்குத் தனியாக எழுதியதை அவர் அனுமதியின்றிக் குழுமத்தில் ஒட்டக் கூடாது. இதில் எந்த விதிவிலக்கும் இல்லை.

5. ஜிமெயிலுக்குள் மாற்ற வேண்டியவை

கணினியில் செட்டிங்ஸ் திறந்து, பொது அமைப்புகள் பக்கத்தில் மூன்றைக் கவனியுங்கள்.

அனுப்பியதை நிறுத்தும் வசதி தொடக்கத்தில் 5 விநாடிக்கு இருக்கும். அதை 30 விநாடியாக மாற்றுங்கள். அதற்கு மேல் வைக்க முடியாது. தவறான முகவரி கண்ணில் படுவது பெரும்பாலும் அனுப்பிய மறுகணத்தில்தான்.

பதிலளிக்கும் முறை என்ற இடத்தில் ‘ரிப்ளை’, ‘ரிப்ளை ஆல்’ என்ற இரண்டில் எது முதலில் வர வேண்டும் என்று கேட்கும். ‘ரிப்ளை’யிலேயே விட்டுவிடுங்கள். அலுவலகப் பழக்கத்தில் இதை ‘ரிப்ளை ஆல்’ என்று மாற்றி வைத்திருப்பவர்கள், எழுதியவருக்கே பதில் போகும் குழுமங்களில்கூட எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.

கையொப்பத்தில் பெயரும் ஊரும் போதும். கைப்பேசி எண் வேண்டாம். பல குழுமங்களின் பழைய மடல்களை உறுப்பினரல்லாதவர்களும் படிக்க முடியும், தேடுபொறியிலும் வரும். குழுமத்தின் பக்கத்தைக் கணக்கில் நுழையாமல் திறந்து பார்த்தால் உங்களுடையது அப்படிப்பட்டதா என்று தெரிந்துவிடும்.

கைப்பேசியில் இரண்டு மூன்று கணக்குகள் வைத்திருப்பவர்கள், அனுப்புநர் இடத்தில் எந்த முகவரி இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். குழுமத்தில் சேராத முகவரியிலிருந்து போனால் மடல் நிராகரிக்கப்படும், அல்லது யாரும் பார்க்காமல் மட்டுறுத்துநரின் வரிசையில் கிடக்கும்.

6. பதிலை எழுதும் முறை

பழைய மடலை வெட்டுங்கள். ‘ரிப்ளை’ கொடுத்தவுடன் முந்தைய மடல்கள் அனைத்தும் உங்கள் பதிலுக்கு அடியில் சேர்ந்துவிடும். ஜிமெயில் அவற்றை மூன்று புள்ளிகளுக்குள் மறைத்து வைப்பதால் உங்களுக்கு அது தெரிவதில்லை. ஆனால் டைஜஸ்டில் படிப்பவர், பத்தாவது பதிலுக்கு வரும்போது முதல் ஒன்பதையும் திரும்பத் திரும்பத் தாண்டிச் செல்ல வேண்டியிருக்கும். அந்த மூன்று புள்ளிகளை அழுத்தி விரித்து, நீங்கள் பதில் சொல்லும் வரிகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதை நீக்குங்கள். யார் எழுதியது என்ற வரி மட்டும் இருக்கட்டும். ஒருவர் நான்கு கேள்வி கேட்டிருந்தால், ஒவ்வொரு கேள்விக்கும் அடியில் உங்கள் விடையை எழுதுவதே படிப்பவருக்கு எளிது. இணையத்தில் நடந்துகொள்ளும் முறை பற்றி 1995இல் வெளியான ஆர்எஃப்சி 1855 என்ற ஆவணமும் இதையே கேட்கிறது: முன்மடலின் சுருக்கத்தையோ, பொருள் விளங்கும் அளவுக்கு மட்டும் அதன் வரிகளையோ மேலே தரவேண்டும், முழு மடலையும் திருப்பி அனுப்பக் கூடாது. முழுவதையும் அடியில் விட்டு மேலே பதில் எழுதுவது அலுவலகத்தில் பொருந்தும். குழுமத்தில் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

புதிய கேள்விக்குப் புதிய மடல் திறக்க வேண்டும். குழுமத்தின் முகவரியைத் தட்டச்சு செய்ய அலுத்துக்கொண்டு, ஏதோ ஒரு பழைய மடலுக்கு ‘ரிப்ளை’ கொடுத்துத் தலைப்பை மட்டும் மாற்றுவது பலரிடம் உள்ள பழக்கம். ஜிமெயில் தலைப்பு மாறினால் தனி இழையாகப் பிரித்துக் காட்டும் என்பதால் உங்கள் திரையில் எல்லாம் சரியாகவே தெரியும். வேறு பல செயலிகள், எந்த மடலுக்கான பதில் என்று கண்ணுக்குத் தெரியாமல் பதிந்துள்ள குறிப்பை வைத்து இழை கோக்கின்றன. அவற்றில் உங்கள் கேள்வி சம்பந்தமில்லாத ஒரு பழைய இழைக்குள் போய்ப் புதைந்துவிடும். குழுமத்தின் முகவரியைத் தொடர்புப் பட்டியலில் சேமித்து வைத்தால் இந்தச் சிக்கலே எழாது.

தலைப்பு வரியில் ‘உதவி’, ‘இது என்ன?’, ‘அழகான படம்’ என்று எழுதினால் பயனில்லை. என்ன வேண்டும், எங்கே, எப்போது என்ற மூன்றும் தலைப்பிலேயே வரவேண்டும். ‘அடையாளம் வேண்டும்: ஹெப்பாள் ஏரி, ஜனவரி, கரையோரப் பறவை’ என்றால் அறிந்தவர் உடனே திறப்பார். மரமானால் பூ, காய், இலை, பட்டை ஆகியவற்றில் எதன் படம் இருக்கிறது என்பதையும் குறிப்பிடலாம்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். பெங்களூர்க் குழுமங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. நம் ஊர்ப் பெயரை அங்கே எழுதக் கூடாது என்பதில்லை. மடையான் என்று எழுதி, பக்கத்தில் ஆர்டியோலா கிரேயி என்ற அறிவியல் பெயரையும் தந்தால் எல்லோருக்கும் புரியும், தமிழ்ப் பெயரும் பதிவில் நிற்கும். நாம் புங்கம் என்பதைக் கன்னடர் ஹொங்கே என்பார்கள். அறிவியல் பெயர் இல்லாமல் இரண்டு பேர் ஒரே மரத்தைப் பற்றி வெகுநேரம் வாதாட நேரும். அழைக்கும் முறையில், இங்குள்ளவர்கள் வயது பாராமல் பெயர் சொல்லி எழுதுவதே வழக்கம். மூத்தவர்களைச் ‘சார்’, ‘மேடம்’ என்று எழுதினாலும் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். தமிழ்க் குழுமங்களில் ஐயா, அம்மா என்று எழுதுவதே இன்றும் முறை.

ஒரே மடலைப் பெங்களூர்க் குழுமம் ஒன்றுக்கும் தமிழ்க் குழுமம் ஒன்றுக்கும் சேர்த்து அனுப்ப வேண்டாம். இரண்டில் ஒன்றில் மட்டும் உறுப்பினராக இருப்பவர் பதில் எழுதும்போது மற்றதிலிருந்து நிராகரிப்பு மடல் வரும். உரையாடலும் இரண்டாகப் பிளந்துபோகும். தனித்தனியாக அனுப்புங்கள்.

கோபம் வந்தால் மறுநாள் எழுதுங்கள். அப்போதும் சொல்ல வேண்டியதாகத் தோன்றினால் மட்டுறுத்துநருக்குத் தனியாகச் சொல்லுங்கள்.

7. படங்கள்

ஜிமெயிலில் ஒரு மடலுக்கு 25 எம்பி வரைதான் இணைக்கலாம். மின்னஞ்சலில் போகும் கோப்பு, எழுத்தாக மாற்றப்பட்டு அனுப்பப்படுவதால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். குழுமத்தின் வரம்பு இதைவிட மிகக் குறைவாக இருக்கலாம். மெயில்மேனின் பழைய பதிப்பில் தொடக்க வரம்பு 40 கேபி மட்டுமே; நடத்துபவர் அதை உயர்த்தாவிட்டால், அதற்கு மேற்பட்ட மடல் மட்டுறுத்துநரின் அனுமதிக்காக நிற்கும். படத்தின் நீளப் பக்கத்தை 1200 பிக்சல் அளவுக்குக் குறைத்து, ஒரு மடலில் மூன்று நான்கு படங்கள் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான குழுமங்களில் சிக்கல் வராது.

பெரிய கோப்பானால் ஜிமெயில் தானாக டிரைவில் ஏற்றி இணைப்பை அனுப்பும். அந்தக் கோப்பு தொடக்கத்தில் உங்களுக்கு மட்டும் திறக்கும்படி இருக்கும். ‘இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று மாற்றாமல் அனுப்பினால், பார்க்க விரும்பும் ஒவ்வொருவரும் உங்களிடம் அனுமதி கேட்டு மடல் அனுப்புவார்கள். வேறொரு குறையும் உண்டு: நாளை நீங்கள் இடம் போதாமல் அந்தக் கோப்பை அழித்தால், குழுமத்தில் விளக்கம் மட்டும் மிஞ்சும், படம் இராது. ஆகவே சிறிதாக்கி இணைப்பதே மேல்.

கைப்பேசியில் எடுத்த படத்துக்குள், எடுத்த இடத்தின் துல்லியமான குறிப்பு பதிந்திருக்கலாம். மாடித்தோட்டப் படம் உங்கள் வீட்டைக் காட்டிக்கொடுக்கும். ஆந்தைக் கூட்டின் படம் அந்தக் கூட்டைக் காட்டிக்கொடுக்கும். கூட்டைத் தேடி இருபது பேர் கேமராவுடன் போய் நின்றால் தாய்ப்பறவை கூட்டை விட்டுப் போய்விடக்கூடும். பிடித்து விற்பவர்களும் படிக்கிறார்கள். கூடுகள், ஆந்தைகள், அரிய இனங்கள் ஆகியவற்றின் இடத்தை ‘பெங்களூருக்கு வடக்கே’ என்ற அளவில் நிறுத்திக்கொண்டு, படத்திலிருந்து இடக்குறிப்பை நீக்கிவிட்டு அனுப்புங்கள். இதில் நான் மிகவும் பிடிவாதமாகவே இருக்கிறேன். நீங்களும் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

8. இடைவெளி விடுவதும் விலகுவதும்

ஊருக்குப் போகிறீர்கள், தேர்வு இருக்கிறது, சில மாதம் நேரமில்லை என்றால் விலக வேண்டியதில்லை. மடல் வேண்டாம் என்ற தெரிவுக்கு மாற்றிவிட்டால், உறுப்பினராகவே இருப்பீர்கள், பெட்டியும் நிரம்பாது. திரும்பி வந்து மாற்றிக்கொள்ளலாம்.

முழுவதும் விலகுவதானால், மடலின் அடியில் உள்ள விலகும் இணைப்பை அழுத்துங்கள். அல்லது சேரும்போது செய்தது போலவே, கூட்டல் குறிக்குப் பின் ‘அன்சப்ஸ்கிரைப்’ என்று சேர்த்த முகவரிக்கு வெற்று மடல் அனுப்புங்கள். எந்த முகவரியில் சேர்ந்தீர்களோ அதிலிருந்துதான் அனுப்ப வேண்டும். ஒரு கணக்கின் மடல்களை இன்னொன்றுக்குத் திருப்பிவிட்டிருப்பவர்கள் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள்: படிக்கும் கணக்கிலிருந்து விலகல் மடல் அனுப்புவார்கள், அந்த முகவரி உறுப்பினர் பட்டியலிலேயே இராது, மடல்கள் வந்துகொண்டே இருக்கும். பழைய கணக்கில் நுழைய முடியாமல் போயிருந்தால், குழுமத்தின் உரிமையாளர் முகவரிக்கு எழுதி, சேர்ந்திருந்த முகவரியைக் குறிப்பிட்டு நீக்கச் சொல்லுங்கள். ‘என்னை நீக்குங்கள்’ என்று குழுமம் முழுவதற்கும் எழுதுவதால் பயன் இல்லை. படிக்கும் உறுப்பினர்களிடம் நீக்கும் அதிகாரம் கிடையாது.

விலகச் சோம்பி, குழும மடல்களை ஸ்பாம் என்று குறிக்கவே குறிக்காதீர்கள். பலர் அப்படிக் குறித்தால், மின்னஞ்சல் நிறுவனம் அந்தக் குழுமத்தின் மடல்களையே சந்தேகிக்கத் தொடங்கி, விரும்பிப் படிப்பவர்களின் பெட்டியிலும் ஸ்பாமில் தள்ளிவிடும்.

விலகிய பிறகும் நீங்கள் எழுதியவை குழுமத்தின் பழைய மடல்களில் இருக்கும். கூகுள் குரூப்ஸில் உங்கள் மடலை நீங்களே நீக்கும் வசதியை நடத்துபவர் அனுமதித்திருந்தால் பக்கத்திலிருந்து நீக்கலாம். இல்லையென்றால் எந்த மடல் என்று தலைப்பும் தேதியும் குறித்து அவரிடம் கேளுங்கள். உறுப்பினர்களின் பெட்டிகளுக்கு ஏற்கெனவே போய்ச் சேர்ந்த பிரதிகளை யாராலும் நீக்க முடியாது. முகவரி, எண் போன்ற விவரம் தவறிப்போய் வெளியாகியிருந்தால், விலகும் நாள்வரை காத்திராமல் அன்றே இந்த வேண்டுகோளை அனுப்புங்கள்.